ஒன்று முதல் பத்து வரை

துவாஸ் தெற்கில், பெட்ரோல் நிலையத்தை ஒட்டிய கிளினிக்.
நான் அங்கே பதிவு மேசை, மருந்துக் கட்டு,
தமிழ் ஆள் வந்தால் மொழிபெயர்ப்பு.
சம்பளம் முதல் இரண்டுக்குத்தான்.

லாரியின் பின்பக்கத்திலிருந்து அம்மாசி இறங்கினான்
ஒரு காலை மட்டும் முதலில் வைத்து,
தரை பொறுக்குமா என்று கேட்பவனைப்போல.
கூடவே சூப்பர்வைசர் கோ.
ஒரு கையில் அம்மாசியின் பெர்மிட் அட்டை,
மறு கையில் ஐஸ் போட்ட மைலோ.

டாக்டர் கேட்டார். நான் கேட்டேன்.

'இடுப்புல ஆரம்பிச்சு தொடை வரைக்கும் இழுக்குதுக்கா.
ராத்திரி பூரா குடைச்சல்.
விடிஞ்சா கடுப்பு.
ஏணியில ஏறுறப்ப சுரீர்னு ஒண்ணு,
இறங்கினப்புறம் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்.
உக்காந்தா மரத்துப்போகுது.
அதையும் வலியில சேக்கணுமா?'

சாதாரண நிலைத் தேர்வில்
தமிழுக்கு ஏ-ஒன்று வாங்கியவள் நான்.
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு
டாக்டரிடம் ஒரே சொல்லாகக் கொடுத்தேன்:
பெயின்.
அவர் தட்டினார்.
ஆங்கிலத்தில் அதற்கு நாலே எழுத்து.

திரையில் அடுத்த கட்டம்.
ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்.

அம்மாசி கோவைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அத்தனை பாடுபட்டான்.
உதடு அசைந்தது.
எண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன்.
கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு என்றால்
ஒரு பட்டை பனடோல், மதியமே சாரத்தின் மேல்.
நாலு, லைட் டூட்டி. ஓவர்டைம் போச்சு;
ஏஜெண்டுக்குக் கட்டும் தவணை பாதியில் நிற்கும்.
ஆறு என்றால் எம்சி.
பகல் முழுக்க மேல்கட்டிலில், எல்லாரும் போன அறையில்
மின்விசிறியைப் பார்த்துக் கிடக்கவேண்டும்.
எட்டுக்கு ஸ்கேன்.
ஸ்கேனுக்குப் பணம் யார் கட்டுவது என்று கம்பெனிக்கு ஒரு கடிதம்,
கம்பெனியிலிருந்து பதில் இல்லாத ஒரு வாரம்,
மறுபடி ஒரு கடிதம்.
ஒன்பது எனக்குத் தெரியாது. இதுவரை யாரும் சொன்னதில்லை.
பத்து என்றால்
திருச்சிக்கு ஒருவழிச் சீட்டு.

'மூணு போடுங்கக்கா.'

ஏர்கான் இருபத்திரண்டில் ஓடியது.
அவன் மேலுதட்டில் வேர்வை.

நான் ஆறு என்று சொல்லியிருக்கலாம்.
டாக்டருக்குத் தமிழ் தெரியாது.
கோவுக்குக் கொஞ்சம் தெரியும்:
சாப்பாடு, சீக்கிரம், நாளைக்கு,
ஒன்று முதல் பத்து வரை.

'த்ரீ' என்றேன்.

அரைமணி முன்பு அதே நாற்காலியில்
கிடங்கு அலுவலகத்துக் கணக்காளர் இருந்தார்.
கழுத்துப் பிடிப்பு.
கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் எட்டு என்றார்.
இரண்டு நாள் விடுப்பு, எலும்பு மருத்துவருக்குக் கடிதம்.
பொய் என்று சொல்லவில்லை. வலித்திருக்கும்.
எட்டு என்று சொல்ல
அவருக்கு எதுவும் செலவாகவில்லை,
அவ்வளவுதான்.

எல்லாரும் போனபின்
அம்மாசியின் பக்கத்தைத் திறந்து
'குடைச்சல்' என்று தமிழில் தட்டிப் பார்த்தேன்.
ஏழு வெற்றுக் கட்டங்கள் வந்தன.
அழித்துவிட்டு
பேருந்துக்கு ஓடினேன்.

அடுத்த செவ்வாய் அதே லாரி.
இறங்கியவன் தவசிமுத்து,
மணிக்கட்டில் சுற்றிய துண்டு நனைந்திருந்தது.
அம்மாசி எப்படி இருக்கிறார் என்றேன்.
'வேலைக்குப் போறாருக்கா. படிக்கட்டுலதான்
கொஞ்சம் நின்னு நின்னு.'
அறையில் பன்னிரண்டு பேர், எல்லாருக்கும்
அவர்தான் சொல்லி வைத்திருக்கிறார் போல.

டாக்டர் இன்னும் கையுறை மாட்டவில்லை.
நான் இன்னும் எதையும் கேட்கவில்லை.
தவசிமுத்து
அடிபடாத கையைத் தூக்கி
மூன்று விரலைக் காட்டினான்.